ஐந்து சதவீத வாசற்படி: ஜெர்மன் பசுமைக் கட்சி ஏறியதும் இறங்கியதும்

2025 பிப்ரவரி 23 அன்று நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சிக்குக் கிடைத்தது 11.6 சதவீத வாக்கு. முந்தைய தேர்தலைவிட மூன்று புள்ளிகள் குறைவு, ஆட்சியும் போயிற்று. ஆனால் மூன்றே வாரத்தில், அடுத்த பிரதமராகக் காத்திருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ், அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கு இந்தக் கட்சியின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதியில் 10,000 கோடி யூரோவைக் காலநிலைப் பணிகளுக்கு ஒதுக்க அவர் இசைந்த பிறகே பசுமைக் கட்சி கைதூக்கியது.

தோற்ற கட்சி நிபந்தனை விதித்தது எப்படி? சுற்றுச்சூழல் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் அந்தக் கட்சி பத்துச் சதவீதத்தைச் சுற்றியே நிற்பது ஏன்? இரண்டுக்கும் விடை தேர்தல் முறையிலிருந்தும் கட்சியின் 45 ஆண்டு வரலாற்றிலிருந்தும் சேர்ந்தே வருகிறது. முதலில் முறையைப் பார்த்துவிடலாம்.

ஒரு சீட்டு, இரண்டு வாக்குகள்

ஜெர்மன் வாக்காளர் ஒரே சீட்டில் இரண்டு இடங்களில் குறியிடுகிறார்.

1. முதல் வாக்கு: தொகுதி வேட்பாளருக்கு. நாட்டில் 299 தொகுதிகள்.
2. இரண்டாம் வாக்கு: கட்சிக்கு. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இதுதான்.
3. இரண்டாம் வாக்கில் நாடு முழுக்க 5 சதவீதம் பெறாத கட்சிக்கு இடப்பங்கீடு இல்லை. மூன்று தொகுதிகளை நேரடியாக வென்ற கட்சிக்கும் தேசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கும் விலக்கு உண்டு.

இலங்கை வாசகர்களுக்கு இது ஓரளவு பழகிய ஏற்பாடுதான். அங்கேயும் விகிதாசார முறையில் 5 சதவீத வெட்டுப்புள்ளி இருக்கிறது. ஆனால் அது தேர்தல் மாவட்ட அளவில் செயல்படுகிறது. ஜெர்மனியில் 1949 தேர்தலில் மாநில அளவில் பார்த்தார்கள். 1953 முதல் நாடு தழுவிய கணக்கு. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து நாடாளுமன்றம் சில்லறைக் கட்சிகளால் சிதறி, எந்த அரசும் நிலைக்காமல் போன அனுபவம்தான் இந்த வாசற்படிக்குக் காரணம்.

வாசற்படியைத் தாண்டிய கட்சிக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. 2025 கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மொத்த இடங்கள் 630. அதில் 11.6 சதவீதம் என்றால் 73 இடம். ஆனால் பசுமைக் கட்சி பெற்றது 85. எப்படி? தாண்டாத கட்சிகளுக்கு விழுந்த வாக்கு ஏறத்தாழ 13.8 சதவீதம். அது கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. எஞ்சிய 86.2 சதவீதத்தில் 11.6 என்பது 13.5 சதவீதம் ஆகிறது. 630-இல் 13.5 சதவீதம் 85.

தாண்டாத கட்சிக்கோ எதுவுமில்லை. அதே தேர்தலில் ஜாரா வாகன்க்னெக்ட் கட்சி 4.98 சதவீதம் வாங்கி, பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் மொத்தத்தையும் இழந்தது. 4.9-க்கும் 5.0-க்கும் நடுவில் இருப்பது ஒரு வாக்கு வித்தியாசமாகவும் இருக்கலாம். இடக்கணக்கில் அது பூஜ்ஜியத்துக்கும் முப்பதுக்கும் நடுவிலான தூரம். சிறு கட்சியின் வாழ்வும் சாவும் அங்கேதான்.

தொகுதிக்கு ஒருவர் என்ற நம் இந்திய முறையில் இப்படிப்பட்ட கட்சி என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டன் பசுமைக் கட்சி ஏறக்குறைய 15 சதவீதம் வாங்கியது. ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. 2015 பொதுத் தேர்தலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு, ஒரே இடம். சுற்றுச்சூழல் வாக்கு ஊரெல்லாம் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும் வாக்கு; தொகுதி வரப்புகள் அதைச் சேரவிடாது.

திராட்சைத் தோட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு

பசுமைக் கட்சி ஒரு தலைவர் தொடங்கிய கட்சி அல்ல. 1970-களில் ஊர் ஊராக எழுந்த எதிர்ப்புக் குழுக்கள் சேர்ந்து உருவானது. அவற்றில் முக்கியமானது தென்மேற்கு எல்லையில், ரைன் நதிக்கரையில் உள்ள வீல் என்ற ஊர். அங்கே அணுமின் நிலையம் கட்ட 1975 பிப்ரவரியில் இயந்திரங்கள் வந்து இறங்கின. குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூடுபனியாகித் திராட்சைக்கு வெயில் படாமல் செய்துவிடும் என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் அச்சம். இடத்தை ஆக்கிரமித்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழக நகரான ஃப்ரைபூர்க்கிலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. மரபில் ஊறிய தோட்டக்காரரும் இடதுசாரி மாணவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்த அந்தச் சேர்க்கைதான் இன்றுவரை கட்சியின் பலம், பிளவு இரண்டுக்கும் மூலம்.

1979 ஐரோப்பியத் தேர்தலில் இக்குழுக்கள் ஒரு பொதுப் பட்டியலில் நின்று 3.2 சதவீதம், அதாவது 8.9 லட்சம் வாக்கு பெற்றன. இடம் இல்லை. ஆனால் அன்றைய ஜெர்மன் சட்டப்படி, அரை சதவீதம் தாண்டிய கட்சிக்கு அரசு தேர்தல் செலவைத் திருப்பித் தந்தது. கைக்கு வந்தது, அப்போதைய ஜெர்மன் நாணயமான மார்க்கில், நாற்பது லட்சத்துக்கு மேல். கட்சி கட்டுவதற்கான முதல் மூலதனம் அதுதான். அதே ஆண்டு அக்டோபரில் ப்ரேமன் பசுமைப் பட்டியல் 5.1 சதவீதத்துடன் நகர மாநிலச் சட்டமன்றத்தில் நுழைந்தது. 1980 ஜனவரி 12, 13 தேதிகளில் கார்ல்ஸ்ரூ நகரில் கட்சி முறையாகத் தொடங்கப்பட்டது. சூழலியல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், வன்முறையின்மை என்ற நான்கும் அதன் தூண்கள். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை விட்டு வந்திருந்த ஹெர்பர்ட் க்ரூல் போன்ற பழமைவாதச் சூழலியலாளர்கள் சீக்கிரமே விலகி வேறு கட்சி தொடங்கினார்கள்.

1980 நாடாளுமன்றத் தேர்தலில் 1.5 சதவீதம். 1983-இல் 5.6 சதவீதம், 28 இடம். பெட்ரா கெல்லி உள்ளிட்டோர் பூந்தொட்டிகளோடும் கையால் பின்னிய ஸ்வெட்டர்களோடும் அவைக்குள் வந்த படங்கள் உலகெங்கும் போயின. கட்சி தன் மேல் போட்டுக்கொண்ட விதிகள் படங்களைவிட முக்கியமானவை:

1. சுழற்சி முறை: உறுப்பினர் பாதிக் காலத்தில் விலகி, பட்டியலில் அடுத்தவருக்கு இடம் தர வேண்டும்.
2. பதவிப் பிரிப்பு: நாடாளுமன்ற உறுப்பினர் கட்சித் தலைமையில் இருக்கக் கூடாது.
3. பெண்களுக்குச் சமபங்கு: வேட்பாளர் பட்டியலில் ஒற்றைப்படை எண்கள் பெண்களுக்கு.

முதல் விதி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. வேலையைக் கற்றுக்கொண்ட நேரத்தில் ஆளை மாற்றுவது எதிரிக் கட்சிகளுக்குத்தான் உதவியது. கெல்லியே விலக மறுத்தார். இரண்டாவது தளர்ந்தது. மூன்றாவது நிலைத்து நின்றதோடு, மற்ற கட்சிகளையும் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டை நோக்கித் தள்ளியது. கட்சியின் ஆகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதை எண்ண வேண்டும் என்பேன். எந்தச் சதவீதக் கணக்கிலும் இது தெரிவதில்லை.

1985-இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியோடு முதல் கூட்டணி. யோஷ்கா ஃபிஷர் வெள்ளை விளையாட்டுக் காலணியோடு சுற்றுச்சூழல் அமைச்சராகப் பதவியேற்றார். ஆட்சியில் பங்கு கூடாது என்றவர்கள் 'ஃபுண்டி', சேர்ந்து சிறுகச் சிறுக மாற்றலாம் என்றவர்கள் 'ரேயாலோ'. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1987 ஜனவரியில் 8.3 சதவீதம், 44 இடம்.

1990: ஒரு கையெழுத்து தாமதமானதன் விலை

இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் நடந்த முதல் தேர்தல் 1990 டிசம்பர் 2. கிழக்கின் புதுக் கட்சிகளுக்கு நியாயம் வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் செப்டம்பர் 29 அன்று ஒரு தீர்ப்பு தந்தது: இந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் 5 சதவீதத்தைக் கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பகுதியில் தாண்டினால் போதும். இரு பகுதி வாக்குகளும் கணக்கில் வரும்.

மேற்குப் பசுமைக் கட்சி கிழக்கோடு தேர்தலுக்கு முன் இணையவில்லை. பெரிய மேற்கு சின்னக் கிழக்கை விழுங்கிவிட்டதாகத் தோன்றக் கூடாது என்ற தயக்கம். கொள்கையளவில் கண்ணியமான முடிவு. ஆனால் நடந்தது இது:

1. மேற்கில் பசுமைக் கட்சிக்கு 4.8 சதவீதம். சுமார் 18 லட்சம் வாக்கு, இடம் பூஜ்ஜியம்.
2. கிழக்கில் எதிர்ப்பியக்கங்களும் பசுமையாளரும் சேர்ந்த பட்டியலுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். 8 இடம்.
3. இரண்டும் ஒரே கட்சியாக இருந்திருந்தால் கிழக்கில் தாண்டியதே போதும். மேற்கின் 18 லட்சம் வாக்கும் இடமாக மாறியிருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. கிழக்கின் பழைய ஆளுங்கட்சியின் வாரிசான ஜனநாயக சோஷலிசக் கட்சி மேற்கில் ஒரு சதவீதம்கூட வாங்கவில்லை. கிழக்கில் தாண்டியதால் அதன் மேற்கு வாக்கும் சேர்த்தே எண்ணப்பட்டு 17 இடம் கிடைத்தது. கிழக்கு, மேற்குப் பசுமைக் கட்சிகள் இணைந்தது தேர்தலுக்கு மறுநாள்.

பிரச்சாரமும் பிசகியது. "எல்லோரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்" என்றது அவர்கள் சுவரொட்டி. புவி வெப்பமாதலைத்தான் சொன்னார்கள். சொன்னது சரி, நாடு இணைந்து இரண்டே மாதமான வேளையில் கேட்க ஆளில்லை. 1993-இல் கிழக்கு உரிமை இயக்கங்களின் 'கூட்டணி 90' அமைப்போடும் இணைந்து 'கூட்டணி 90/பசுமைக் கட்சி' என்ற இன்றைய நீண்ட பெயரைக் கட்சி பெற்றது; 1994-இல் 7.3 சதவீதத்தோடு மீண்டது.

பெட்ரோல் ஐந்து மார்க்: ஒரே யோசனைக்கு இரண்டு முடிவுகள்

1998 மார்ச்சில் மாக்டெபூர்க் மாநாட்டில், பெட்ரோல் விலையைப் படிப்படியாக லிட்டருக்கு 5 மார்க் ஆக்குவது என்று கட்சி தீர்மானித்தது. அப்போதைய விலை 2 மார்க்குக்கும் கீழ். பத்தாண்டுத் திட்டம் என்பது யார் காதிலும் விழவில்லை. 'ஐந்து மார்க்' மட்டும் நின்றது. அடுத்த மாதமே சாக்ஸன்-அன்ஹால்ட் மாநிலத்தில் 3.2 சதவீதத்தோடு சட்டமன்றத்தை விட்டு வெளியேறியது. செப்டம்பர் தேர்தலில் 6.7 சதவீதத்தோடு தப்பி, சமூக ஜனநாயகக் கட்சியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தலைமையில் முதல் முறையாக மத்திய ஆட்சியில் அமர்ந்தது.

ஆட்சிக்கு வந்தபின் அதே யோசனையை வேறு விதமாகச் செய்தார்கள். 1999 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 6 பென்னிக் (ஒரு மார்க்குக்கு நூறு பென்னிக்) சூழல் வரி. 2003 வரை ஆண்டுக்கு ஒரு படி. வருவாயின் பெரும்பகுதி ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் போனது. அதனால் சம்பளத்தில் பிடிக்கும் தொகை குறைந்தது. முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் 2002-இல் கட்சி வளர்ந்தே வந்தது: 8.6 சதவீதம். அந்தத் தேர்தலில் இரு பெரிய கட்சிகளுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் சுமார் 6,000 வாக்கு. ஷ்ரோடர் ஆட்சியைக் காப்பாற்றியது பசுமை வாக்குதான்.

இந்த ஏழாண்டில் செய்த இரண்டு வேலைகள் நாட்டையே மாற்றின. 2000 ஏப்ரலில் அமலான புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டம், சூரிய, காற்றாலை மின்சாரத்தை 20 ஆண்டுக்கு நிர்ணய விலையில் வாங்கிக்கொள்ள உறுதி தந்தது. விலை உறுதி என்றதும் வங்கிக் கடன் எளிதானது. விவசாயி கொட்டகைக் கூரையில் தகடு பதித்தார். 2000-இல் மின் நுகர்வில் சுமார் 6 சதவீதமாக இருந்த பங்கு 2023-இல் பாதியைத் தாண்டியது. இரண்டாவது, அணு உலைகளைப் படிப்படியாக மூடும் ஒப்பந்தம். ஷ்ரோடருக்குப் பின் பிரதமரான அங்கேலா மெர்கலின் அரசு 2010-இல் அதைத் தளர்த்தி, ஜப்பானின் ஃபுகுஷிமா அணு விபத்துக்குப் பின் தானே திரும்பி வந்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.

விலையும் கொடுத்தார்கள். 1999-இல் கொசோவோவில் ஜெர்மன் விமானப்படை போரில் இறங்கியபோது வெளியுறவு அமைச்சர் ஃபிஷர்தான். பீலஃபெல்ட் மாநாட்டில் அவர் காதில் சிவப்புச் சாயப் பை வந்து விழுந்தது. 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தான் படையனுப்பலை ஷ்ரோடர் நம்பிக்கை வாக்கோடு முடிச்சுப் போட்டார். எதிர்த்த பசுமை உறுப்பினர் எட்டுப் பேர். எட்டும் எதிராக விழுந்தால் ஆட்சி கவிழும். நான்கு பேர் மனசாட்சிப்படி எதிர்த்தும், நான்கு பேர் ஆட்சிக்காக ஆதரித்தும் வாக்களித்தார்கள். தேவை 334, கிடைத்தது 336.

கார் மாநிலத்தில் பசுமை முதல்வர்

ஃபுகுஷிமா விபத்து 2011 மார்ச் 11. பதினாறு நாள் கழித்து பாடன்-வூர்ட்டம்பெர்க் தேர்தல். பென்ஸ், போர்ஷே, பாஷ் நிறுவனங்களின் மாநிலம்; அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. பசுமைக் கட்சி 24.2 சதவீதம் பெற்றது. சமூக ஜனநாயகக் கட்சியைவிட ஒரே புள்ளி அதிகம். அந்த ஒரு புள்ளியால் கூட்டணியில் முதல்வர் பதவி வின்ஃப்ரீட் க்ரெட்ச்மனுக்கு வந்தது. 2016-இல் 30.3, 2021-இல் 32.6 என்று அவர் ஏறினார். ஷ்டுட்கார்ட் நிலத்தடி ரயில் நிலையத் திட்டத்தை எதிர்த்து வந்தவர், 2011 நவம்பர் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதும் அதை ஏற்றுத் திட்டத்தைத் தொடர்ந்தார். கட்சிக்குள் கசப்பு, வெளியே, இவர் சொன்ன சொல்லில் நிற்பவர் என்ற பெயர். தொழில் முதலாளிகளும் கத்தோலிக்கக் கிராமங்களும் அஞ்சாமல் வாக்களித்தது அதனால்தான்.

வெப்பச் சட்டம்: எங்கே பிசகியது

2018, 19-இல் மாணவர் காலநிலைப் போராட்டங்கள் தெருவை நிறைத்தன. 2019 ஐரோப்பியத் தேர்தலில் 20.5 சதவீதம். 2021-இல் முதல் முறையாகப் பிரதமர் வேட்பாளராக அன்னலேனா பேர்போக்கை நிறுத்தி 14.8 சதவீதம், 118 இடம். எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றாலும் நாடாளுமன்றத் தேர்தல்களில் கட்சி பெற்ற அதிகபட்சம். மூன்று கட்சிக் கூட்டணியில் ரோபர்ட் ஹாபெக் துணைப் பிரதமர், பொருளாதார-காலநிலை அமைச்சர்.

ஜெர்மன் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு கொதிகலன் இருக்கும்; அது சூடாக்கும் நீர் குழாய் வழியே அறை அறையாகப் போய் வீட்டை வெதுவெதுப்பாக்கும். பாதி வீடுகளில் எரிபொருள் எரிவாயு, கால்வாசி வீடுகளில் எண்ணெய். மாற்று, ஹீட் பம்ப்: குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கிறது. பழைய வீட்டில் பொருத்த 20,000 யூரோவுக்கு மேல் ஆகும்.

ஹாபெக் அமைச்சகத்தின் சட்ட வரைவு, 2024 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தும் எந்தச் சூடாக்கியும் 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓட வேண்டும் என்றது. நோக்கத்தில் குறையில்லை: இன்று பொருத்தும் கொதிகலன் இருபது, முப்பது ஆண்டு எரியும், 2045-இல் உமிழ்வு பூஜ்ஜியம் என்றால் இப்போதே நிறுத்த வேண்டும். பிசகியது வரிசை.

1. 2023 பிப்ரவரி இறுதியில் வரைவு நாளிதழில் கசிந்தது. தடை பற்றிய செய்தி முதலில் வந்தது. மானியம் எவ்வளவு என்பது மாதங்கள் கழித்து வந்தது. இடைப்பட்ட நாளெல்லாம் வீட்டுக்காரர் முழுச் செலவையும் தன் தலையில் போட்டே கணக்கிட்டார்.
2. அவகாசம் பத்தே மாதம். பொருத்தும் தொழிலாளர் போதாத நிலை. பயந்துபோன பலர் அவசரமாகப் புது எரிவாயுக் கொதிகலனே வாங்கினார்கள்.
3. நகராட்சி தெருவுக்குப் பொது வெப்பக் குழாய் போடுமா இல்லையா என்று தெரியாமல் தனி வீட்டுக்காரர் முடிவெடுக்க முடியாது. அந்தத் திட்டமிடல் சட்டம் முன்னால் வந்திருக்க வேண்டும், பின்னால் வந்தது.
4. கூட்டணிக்குள் இருந்த தாராளவாதக் கட்சியே பகிரங்கமாக எதிர்த்தது. போதிய விவாத நேரம் இல்லை என்று ஜூலையில் நீதிமன்றம் வாக்கெடுப்பை நிறுத்தியது.

செப்டம்பர் 8 அன்று நிறைவேறிய சட்டம் மிகவும் மென்மையானது. புதுக் குடியிருப்புப் பகுதிகளில் மட்டும் உடனடிக் கட்டாயம். மற்ற வீடுகளுக்கு நகராட்சி வெப்பத் திட்டம் வரும்வரை, பெருநகரங்களில் 2026 ஜூன் வரையும் சிற்றூர்களில் 2028 ஜூன் வரையும் அவகாசம். 30,000 யூரோ வரையிலான செலவில் அதிகபட்சம் 70 சதவீதம், அதாவது 21,000 யூரோ மானியம். இதையே முதல் நாள் அறிவித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அதே ஆண்டு நவம்பரில் 6,000 கோடி யூரோ கடனனுமதியைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈடு கொடுக்கப் பணமும் சுருங்கிவிட்டது.

மறுபக்கம், சொந்த இளைஞர்களும் கைவிட்டார்கள். 2023 ஜனவரியில் பழுப்பு நிலக்கரிக்காக லுட்ஸெராட் கிராமம் காலி செய்யப்பட்டபோது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பசுமை அமைச்சர்கள்தான். அதற்கு ஈடாக அப்பகுதியில் நிலக்கரி நிறுத்தம் 2038-இலிருந்து 2030-க்கு முன்னேறியது. தொலைக்காட்சியில் தெரிந்ததோ காவலர்கள் தூக்கிச் சென்ற போராட்டக்காரர்கள். 2019 ஐரோப்பியத் தேர்தலில் 25 வயதுக்குக் கீழானோரில் மூன்றில் ஒருவர் பசுமைக் கட்சிக்கு வாக்களித்தார். 2024-இல் அது 11 சதவீதம். மொத்த வாக்கு 11.9. செப்டம்பரில் துரிங்கியாவில் 3.2, ப்ராண்டன்பூர்கில் 4.1 என்று இரு சட்டமன்றங்களிலிருந்தும் வெளியே, சாக்ஸனியில் 5.1 என்று நூலிழையில் உள்ளே. கட்சித் தலைமை ராஜினாமா செய்தது.

2025 மார்ச்: 489-உம் 420-உம்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஜெர்மன் அரசியல் சட்டம் அரசு கடன் வாங்குவதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தளர்த்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தேர்தல் முடிந்தாலும் புதிய அவை மார்ச் 25 அன்றுதான் கூடும்; அதுவரை பழைய அவைக்கே அதிகாரம்.

1. பழைய அவை: மொத்தம் 733, தேவை 489. மெர்ட்ஸின் அணி 196, சமூக ஜனநாயகக் கட்சி 207, கூட்டினால் 403. பசுமைக் கட்சியின் 117 சேர்ந்தால் 520.
2. புதிய அவை: மொத்தம் 630, தேவை 420. மெர்ட்ஸின் அணி 208, சமூக ஜனநாயகக் கட்சி 120, பசுமைக் கட்சி 85. கூட்டினால் 413. ஏழு குறைவு.

ஆகவேதான் மார்ச் 18 அன்று பழைய அவையை அவசரமாகக் கூட்டி வாக்கெடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் பசுமைக் கட்சியின் கை இல்லாமல் எதுவும் நகராது என்ற நிலை. அதைப் பயன்படுத்தி 10,000 கோடியையும், 2045 காலநிலை இலக்கைப் பற்றிய சொற்களையும் அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதவைத்தது. புதிய அவையில் அந்த வலு இல்லை. அடுத்த திருத்தத்துக்கு மெர்ட்ஸ் தரப்பு பசுமைக் கட்சியைச் சேர்த்துக்கொண்டாலும், தீவிர வலதுசாரிகளின் 152-ஐத் தொடாமல் செய்வதானால், 64 இடம் வைத்திருக்கும் இடதுசாரிக் கட்சியிடமும் போய்க் கேட்டாக வேண்டும். அந்தக் கட்சியின் 8.8 சதவீதத்தில் கணிசமான பங்கு, மூன்றாண்டு ஆட்சியில் பசுமைக் கட்சியை விட்டுப் போன இளைஞர்களின் வாக்கு.